வேர்க்காத சுவர்

சுவருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று அங்கே இருந்தவர்கள்: எங்கள் முதலாளி கலியமூர்த்தி, ஆர்க்கிடெக்ட் நிவேதா மேடம், வீட்டுக்காரரின் மனைவி ஷமீம் அக்கா, அவருடைய மாமனார் காதர் பாய், கொத்தனார், நான். இல்லாதவர்கள்: குவைத்தில் இருந்த வீட்டுக்காரர் ஜாபர், கல்லை ஒவ்வொன்றாகத் தரம் பார்த்துப் பொறுக்கிய அஞ்சலை அக்கா, அப்புறம் கரண்ட். கரண்ட் இல்லாததில் யாருக்கும் வருத்தமில்லை. கரண்ட் இல்லாமலே குளிரப்போகிற அறை, அதனால் அதற்குப் பத்திரிகையே வைக்கவில்லை என்று முதலாளி சொல்லிச் சிரித்தார். அஞ்சலை அக்காவுக்கு வைத்திருக்கலாம்.

சித்திரை வெயில். அறையின் மேற்குச் சுவர் முழுக்க எங்கள் கம்பெனிக் கல், உள்ளே காற்று போக வழிவிட்ட கல். சுவரின் தலையில் சின்ன வாய்க்கால், அதற்கு மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாய். கல் தண்ணீரைக் குடித்து மேலெல்லாம் வேர்க்க வேண்டும். அந்த ஈரத்தில் பட்டு வருகிற காற்று அறைக்குள் குளிர்ந்து வர வேண்டும். கொத்தனார் குழாயைத் திறந்தார். வாய்க்கால் நிறைந்தது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேர்த்தது. சுவருக்கு இல்லை, எங்களுக்கு.

செராமிக் டிப்ளமா முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

தனி என்பது ஓர் இடம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அப்பா களிமண் லாரியில் லோடுமேன். "மண்ணைப் பத்தி மூணு வருஷமாடா படிச்ச? என்னைக் கேட்டிருந்தா ஒரு நாள்ல சொல்லியிருப்பனே, கனமா இருக்கும்னு" என்பார். விருத்தாசலத்திலேயே ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஊறுகாய் ஜாடியும் பியூஸ் கட்டையும் செய்கிற இடம். முதல் நாள் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலம் அது யார் கண்ணுக்கும் ஷூவாகத் தெரியவில்லை.

அங்கே சரக்கைத் தரம் பார்ப்பவர் அஞ்சலை அக்கா. சூளையிலிருந்து வந்த ஜாடி ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த சிமெண்டுத் தரையில் வரிசையாக வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து ஜாடியின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போவார். ஈரம் தட்டினால் ஒரே சொல்தான்: "வேர்க்குது." அந்த ஜாடி தனிக்குப் போய்விடும்.

தனி என்பது சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு மூலை. கோணலானது, வெடித்தது, வேர்த்தது எல்லாம் அங்கே கிடக்கும். "தனியில போடு", "பாதி சரக்கு தனிக்குப் போயிடுச்சு" என்பதெல்லாம் நாள் முழுக்கக் காதில் விழுகிற பேச்சு. வேலைக்கு ஒழுங்காக வராத ஆளைக்கூட "அவன் தனிய்யா" என்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. தனியில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் கேட்காமல் அள்ளிக்கொண்டு போகலாம். இடம் காலியானால் போதும் என்று முதலாளியும் விட்டுவிடுவார். விருத்தாசலத்தில் பாதி வீட்டுத் துளசி ஏதோ ஒரு கம்பெனியின் தனி ஜாடியில்தான் வளர்கிறது.

புத்து மேடம்

காதர் பாய் ரயில்வேயில் நீராவி எஞ்சின் காலத்து ஃபயர்மேன். ஜங்ஷனில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வேலை செய்த காலமெல்லாம் நெருப்புக்கு முன்னால் நின்றவர், ஓய்வுபெற்ற பிறகு வெயில் தாங்க முடியாமல் போய்விட்டது. முந்தின வருஷம் கத்திரி வெயிலில் வாசலிலேயே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் எழுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏசி போட்டால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். வராவிட்டாலும், அது மின்வெட்டுக் காலம். வெயில் ஏறுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். குவைத்திலிருந்து ஜாபர் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த கத்திரிக்குள்ள எங்க அத்தாவுக்கு ஒரு குளுமையான ரூமு வேணும். என்ன செய்வீங்களோ செய்யுங்க."

அப்போது அவர்கள் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்குத்தான் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நிவேதா மேடம் வந்தார். எங்கள் கம்பெனிக்கு வந்தபோது கையில் ஒரு போட்டோ.

"இது என்னன்னு தெரியுதா சார்?"

"புத்துங்க. வெள்ளிக்கெழமையில பால் ஊத்துவாங்க" என்றார் முதலாளி.

"இதுக்குள்ள ஏசி இருக்கு சார்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை மறுபடி பார்த்தார். "எந்தப் பக்கங்க?"

மேடம் பொறுமையாக விளக்கினார். கரையான் புற்றுக்குள் சூடான காற்று மேலே ஏறிப் போகவும் புதுக்காற்று கீழே வரவும் வழி இருக்கிறது. பானையில் தண்ணீர் கசிந்து காய்வதால் உள்ளே குளிர்கிறது. இந்த இரண்டையும் ஒரே கல்லில் கொண்டுவர வேண்டும். உடன் வந்திருந்த காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வூட்டுக்குள்ள புத்து கட்டுனா பாம்பு வந்து வாடகை எவ்வளவுன்னு கேக்கும் பாப்பா."

அன்றிலிருந்து யூனிட்டில் அவர் பெயர் புத்து மேடம்.

சாம்பிள் செய்கிற வேலை என்னுடையது. உள்ளூர் மண்ணில் உமியைக் கலந்தேன். சுடும்போது உமி எரிந்து போகும், அது இருந்த இடம் துளையாக நிற்கும். சின்ன சூளையில் தீயைக் குறைத்து வைத்து இரண்டு கல் சுட்டேன். தண்ணீரில் முக்கி எடுத்து மின்விசிறி முன்னால் வைத்தால் கல் மேலெல்லாம் வேர்த்தது. காதர் பாய் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"கன்னுக்குட்டி மூக்கு மாதிரி இருக்குதுடா தம்பி" என்றார். எனக்கு டிப்ளமா சர்டிபிகேட் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஜாடிக்கு நடுவில்

ஆர்டர் வந்ததும் முதலாளியிடம் போய், இந்தக் கல்லுக்குத் தீ குறைவாக வேண்டும், தனிச் சூளையாகப் போட வேண்டும் என்றேன்.

"எண்ணெய் விக்கிற விலையில செங்கல்லுக்கு ஒரு சூளையா? ஜாடிக்கு நடுவுல எடம் சும்மாத்தானே கெடக்குது. சொருகிடு."

"ஜாடி சூட்டுல துளையெல்லாம் மூடிக்கும் சார்."

"எல்லாமா மூடிக்கும்? பர்னர் கிட்ட இருக்குறது மூடும், பின்னாடி இருக்குறது தப்பிச்சிக்கும். கூடக் கொஞ்சம் போட்டு நல்லதைப் பொறுக்கி எடுத்துக்க."

அவர் சொன்னது தப்பில்லை. அப்படியேதான் ஆனது. சூளையைத் திறந்தபோது ஏறக்குறைய பாதிக் கல் துளை மூடிக் கருங்கல் மாதிரி இறுகியிருந்தது, பாதி சரியாக வந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். தண்ணீரில் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு அஞ்சலை அக்காவை விட்டால் கை யாருக்கு இருக்கிறது?

நான் இல்லாத நாட்கள்

பிரிக்க வேண்டிய நேரத்தில் களிமண் தீர்ந்துவிட்டது. சுரங்கத்துப் பக்கத்து மண்ணுக்காக லாரியோடு கம்மாபுரம் போனேன். அங்கே ரோட்டை மறித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்துக்கென்று நிலத்தை எடுத்துக்கொண்டீர்கள், சொன்ன வேலை எங்கே என்று கேட்டு மறியல். அவர்கள் கேட்டது நியாயம். லாரி நகராததும் நிஜம். லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன். மறியல் நாள்கணக்கில் நீண்டது.

அந்த நேரத்தில் யூனிட்டில் நடந்ததை மேடமும் சொன்னார், அஞ்சலை அக்காவும் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஒரு சொல்கூட மாறவில்லை, அதுதான் வேடிக்கை.

மேடம் வந்து நின்று, "அக்கா, இந்தக் கல்லையெல்லாம் தண்ணியில போட்டுப் பாக்கணும். வேர்க்கிறதெல்லாம் தனியா எடுத்து வச்சிடுங்க" என்றிருக்கிறார்.

"அத்த நீங்க சொல்லணுமா மேடம்? தெனம் செய்யறதுதானே" என்று அஞ்சலை அக்கா தொட்டியில் இறக்கியிருக்கிறார். மேடம் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். கல் மேல் கை போகிறது. "வேர்க்குது" என்கிறார், அது ஒரு பக்கம். "இது நல்லாருக்குது" என்கிறார், அது ஒரு பக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. அசந்துபோன மேடம், "உங்களை மாதிரி ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இல்லைக்கா" என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்.

மறுநாள் டிராக்டர் வந்தது. நல்ல சரக்கு எங்கே இருக்குமோ அங்கிருந்து ஏற்றினார்கள். வேர்த்த கல் எங்கே போகுமோ அங்கே போனது.

கட்டுகிற இடத்தில் கொத்தனார் வழக்கப்படி கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு ஷமீம் அக்காவிடம் சொன்னாராம்: "கல்லுன்னா இதாங்க கல்லு. ஒரு சொட்டு குடிக்கல." ஷமீம் அக்கா அதை அப்படியே குவைத்துக்கு போனில் சொன்னார். ஜாபரும் சந்தோஷப்பட்டார்.

மறியல் முடிந்து மண்ணோடு நான் திரும்பியபோது சுவர் எழும்பி, மேல் வாய்க்காலும் வைத்தாயிற்று. சாலையிலிருந்து பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது.

குழாய் திறந்த நாள்

அன்றைக்கு வருகிறேன். வாய்க்கால் தளும்பி ஓரமாக வழிய ஆரம்பித்தது. கல் மட்டும் காய்ந்தே நின்றது. மேற்கு வெயில் அதில் ஏறிக்கொண்டிருந்தது. வழிந்த தண்ணீர் தரையில் ஆவியாகி அறை புழுங்கியது.

"புதுக் கல்லு பாருங்க, கொஞ்சம் பழகணும்" என்றார் முதலாளி.

"பழகட்டும் பழகட்டும்" என்று காதர் பாய் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். "ஏன் முதலாளி, நீங்க ஊறுகா ஜாடிதானே போடுவீங்க? பழக்கத்துல என்னைய ஊறுகா போடறதுக்கு ரூமு கட்டிட்டீங்களா?"

கொத்தனார் சிரித்துவிட்டார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஷமீம் அக்காவின் போன் அடித்தது. ஜாபர். அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "குளுந்துடுச்சா? அத்தா என்ன சொல்றாரு?"

"மாமா... மாமா ஊறுகா கேக்குறாருங்க" என்றார் ஷமீம் அக்கா. வேறு என்ன சொல்வார்? காதர் பாயின் முகம் சிவந்து, நெற்றி நரம்பு எழுந்து நின்றது. கத்திரி தொடங்கவே இன்னும் சில நாள் இருந்தது.

மேடம் குனிந்து ஒரு கல்லை விரலால் தட்டினார். டங் என்று கோயில் மணி மாதிரி சத்தம்.

"ஆகா, என்னமா வெந்திருக்குது!" என்றார் முதலாளி. தொழில் புத்தி. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது, அவ்வளவு வெந்த கல் தண்ணீர் குடிக்காது என்று. என்னைப் பார்த்தார். நான் அவருடைய வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினேன்.

எங்கக்கா வச்சீங்க?

யூனிட்டில் அஞ்சலை அக்கா நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேர்த்த கல்லையெல்லாம் எங்க வச்சீங்க?"

"மேடம் எங்க வைக்கச் சொன்னாங்களோ அங்கதான்."

"எங்க?"

"தனியிலதான் தம்பி. வேற எங்க வைப்பாங்க?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தனி சுத்தமாகத் துடைத்த மாதிரி காலி. உடைந்த நாலைந்து கல் மட்டும் கிடந்தது. பக்கத்துக் குழாய் ஒழுகி அவை நனைந்திருந்தன. விருத்தாசலத்துத் தெருநாய்களில் மூன்று அதன்மேல் வயிற்றை வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தன. மேடம் போட்டோவில் காட்டியது, நான் லேபில் படித்தது, ஜாபர் பணம் அனுப்பியது எல்லாவற்றையும் அவை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருந்தன.

"மத்த கல்லெல்லாம் எங்கக்கா?"

"நான்தான் ஏத்திக்கிட்டுப் போனேன். ஆட்டுக்கொட்டாய்க்குச் சுவரு வச்சிட்டேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, தனிதானே? முதலாளி எதுனா சொன்னாரா?" என்றார்.

ஆட்டுக்கொட்டாய்

முதலாளியும் நானும் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. காதர் பாய், "எனக்கு வாங்குன கல்லு, நான் பாக்க வேணாமா?" என்று ஷமீம் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் பின்னாலேயே வந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டாய். அஞ்சலை அக்கா மூன்று பக்கம் சுவரும், சுவரோடு சேர்த்து ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அந்தக் கல்லிலேயே கட்டியிருந்தார். தொட்டியில் ஊற்றிய தண்ணீரைக் கல் உறிஞ்சிச் சுவர் முழுக்க ஏற்றிக்கொண்டிருந்தது. சுவர் பளபளவென்று வேர்த்து நின்றது.

"தனிக் கல்லுன்னா தனிக் கல்லுதான்" என்று அஞ்சலை அக்கா குறைப்பட்டுக்கொண்டார். "எத்தினி கொடம் ஊத்துனாலும் தொட்டியில நிக்கல. ஆனா ஒன்னு, இந்த வருசம் ஒரு குட்டிகூட வெயில்ல சாவல."

முதலாளி மெதுவாக ஆரம்பித்தார். "அஞ்சல, இந்தக் கல்லு எங்களுக்கு வேணும்."

"இதுவா? இது ரிஜெக்ட்டாச்சே."

"இல்ல. இதான் அசலு."

"அப்போ பாய் வூட்டுல வச்சது?"

"அது... அதுதான் ரிஜெக்ட்டு."

அஞ்சலை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நேத்து வரைக்கும் வேர்த்தா ரிஜெக்ட்டு. இன்னிக்கு வேர்க்கலன்னா ரிஜெக்ட்டா? எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா முதலாளி?"

மாற்றுக்கல் தருகிறேன், கொட்டகையை நானே கட்டித் தருகிறேன் என்று முதலாளி இறங்கி வந்தார். அக்கா அசையவில்லை. "ஆட்டுக்குக் குளுமை பழகிடுச்சுங்க. கத்திரி வர நேரத்துல பிரிச்சா எது சாவும்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது."

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததில் காதர் பாயைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து சுவரில் கன்னத்தை வைத்திருந்தார். ஒரு வெள்ளாட்டுக்குட்டி அவர் லுங்கியை மென்றுகொண்டிருந்தது. முகத்தின் சிவப்பு இறங்கியிருந்தது.

"மாமா, எழுந்திரிங்க. ஆட்டுக்கொட்டாய்ல போய்..." என்றார் ஷமீம் அக்கா.

"எஞ்சின் கரியில கெடந்தவன்மா நானு. ஆட்டுப் புழுக்கை என்னை என்ன செய்யும்?" கண்ணைத் திறக்காமலே அஞ்சலை அக்காவிடம் கேட்டார்: "ஏம்மா, மத்தியானத்துல மட்டும் நான் இங்க வந்து குந்திக்கிட்டுப் போனா உன் ஆடு கோச்சிக்குமா?"

அஞ்சலை அக்கா யோசித்தார். "வெறுங்கையோட வந்தா கோச்சிக்கும்."

கடைசியாக

அந்தக் கத்திரி முழுக்கக் காதர் பாய் ஒரு அகத்திக்கீரைக் கட்டோடு ஆட்டோவில் போய், வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்தார். மயங்கி விழவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நிவேதா மேடம் ஒருமுறை வந்து கொட்டகையை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தன்னுடைய டிசைன் முதன்முதலில் சரியாக வேலை செய்த கட்டடம் அதுதான் என்று அவரே சொன்னார்.

முதலாளி வாய் திறக்காமல் அந்தக் கல்லுக்கென்று ஒரு சூளை போட்டார். நான் தீயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில், எந்தக் குளுமையும் தேவைப்படாத நேரத்தில், சுவரைப் பிரித்துப் புதுக்கல் வைத்தோம். அடுத்த கோடையில் அது நன்றாகவே வேர்த்தது. அப்போதும் காதர் பாய் அவ்வப்போது ஆட்டோ பிடித்தார். கேட்டால், "சுவரு வேர்க்குது, சரி. என் லுங்கியை யாரு மெல்லுவா?" என்பார்.

தம்பிகளே, நான் கற்றுக்கொண்டது இது. நீங்கள் படித்துவிட்டு ஓர் இடத்துக்கு வேலைக்குப் போகும்போது, உங்களுக்குத் தெரிந்த சொல் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அது என்ன வேலை பார்க்கிறது என்று விசாரித்துவிட்டு வாயைத் திறங்கள். மேடம் சொன்னதில் தப்பில்லை, அஞ்சலை அக்கா செய்ததில் தப்பில்லை. இரண்டு சரி சேர்ந்துதான் அந்தச் சுவர் எழும்பியது. கரையானுக்கு இந்தத் தொல்லை இல்லை. புற்றை யாரும் ஆர்டர் கொடுத்துக் கட்டச் சொல்வதில்லை. அதனால்தான் அது ஒழுங்காக வருகிறது.

பிரித்துக் கட்டியதற்கு ஆன செலவை முதலாளி எங்கேயும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனால் காதர் பாயை அந்தக் கத்திரியில் உயிரோடு காப்பாற்றுவதற்கு அவர்கள் குடும்பத்துக்கு ஆன மொத்தச் செலவு எனக்குத் தெரியும், ஷமீம் அக்கா சொன்னார். போக வர ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அகத்திக்கீரை தனி.